எண்ணெய்க் கசிவும் இயற்கை நார்க் கலப்புத் துணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் மீனவக் குப்பங்களிலும் ஜவுளித் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களிடையிலும் நீரில் கசிந்த எண்ணெயை இயற்கை நார்க் கலப்புத் துணியால் உறிஞ்சி எடுப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தாம் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளில் இரண்டு நிகழ்வுகள் மீண்டும் மீண்டும் வரும். ஒன்று, 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் கனத்த எரியெண்ணெய் கரை ஒதுங்கியது. மற்றொன்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எண்ணெய் பரவியது.

இயற்கை நார்க் கலப்புத் துணி என்று எதைச் சொல்கிறீர்கள்? நாம் உடுத்தும் பருத்தித் துணி போன்றதுதானா?

உடுத்தும் துணி நூலாக நூற்கப்பட்டு, பிறகு தறியில் நெய்யப்படுவது. இங்கே பேசப்படுவது நெய்யாத துணி. நாரைச் சீவி, அடுக்கடுக்காகப் பரப்பி, முள் வைத்த ஊசிகளால் மேலும் கீழுமாகக் குத்தி நார்களை ஒன்றோடொன்று பின்னச் செய்வார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை நீடில் பஞ்ச் என்பார்கள். இன்னொரு வழி, எளிதில் உருகும் செயற்கை நாரைச் சிறிதளவு கலந்து, வெப்பத்தால் ஒட்டச் செய்வது. இரண்டு வழியிலும் கிடைப்பது கம்பளி போல் தடித்த, உள்ளே நிறையக் காற்றிடம் கொண்ட ஒரு விரிப்பு.

இதில் கலக்கப்படும் இயற்கை நார்கள் பெரும்பாலும் கழுவாத பருத்தி, இலவம்பஞ்சு, எருக்கு இனத்தைச் சேர்ந்த செடிகளின் விதைப்பஞ்சு ஆகியவை. விரிப்பாகவும், தலையணையாகவும், நீளக் குழாய்போல் தைத்து உள்ளே நாரை அடைத்த மிதவையாகவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

தண்ணீரும் எண்ணெயும் கலந்து கிடக்கும்போது துணி எண்ணெயை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுக்கும்?

நாரின் மேற்புறத்தில் இருக்கும் மெழுகுதான் காரணம். செடியிலிருந்து எடுத்த பருத்தியின்மேல் அதன் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான மெழுகுப் பூச்சு இருக்கிறது. அந்த மெல்லிய பூச்சு தண்ணீரை ஒட்டவிடாது. எண்ணெயைத் தன்மேல் பரவவிடும். இலவம்பஞ்சில் இந்த மெழுகுத்தன்மை இன்னும் மிகுதி. அதனால்தான் அந்தக் காலத்தில் கடலில் உயிர்காக்கும் மேலங்கிகளுக்குள் இலவம்பஞ்சை அடைத்தார்கள்.

எண்ணெய் நாரை நனைத்தபின் தங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் மூன்று வகையில் கிடைக்கிறது: நாரின் மேற்பரப்பு, நார்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகள், நாரின் உள்ளீடற்ற நடுப்பகுதி. இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் மெல்லிய சுவர் கொண்ட குழாய்; அதன் பருமனில் 80 விழுக்காட்டளவு வெற்றிடம். ஆயினும் உறிஞ்சப்படும் எண்ணெயில் பெரும்பங்கு நார்களுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் நிற்கிறது என்பதால், துணியை எவ்வளவு இறுக்கமாகச் செய்கிறோம் என்பது எந்த நாரைக் கலக்கிறோம் என்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.

அப்போ வீட்டுல இருக்குற பழைய வேட்டி, மெக்கானிக் கடையில இருக்குற வேஸ்ட் துணி இதெல்லாம் போட்டா ஆகாதா?

காய்ந்த தரையில் கொட்டிய எண்ணெயைத் துடைக்க அவை போதும். தண்ணீரின்மேல் மிதக்கும் எண்ணெய்க்கு ஆகாது. ஆலையில் துணியைச் சாயமேற்றும் முன் காரத்தில் வேகவைத்து மெழுகை முழுவதும் நீக்கிவிடுகிறார்கள். மெழுகு போனபின் பருத்தி தண்ணீரைத்தான் முதலில் குடிக்கும். குடித்ததும் கனத்து மூழ்கிவிடும். மருந்துக்கடைப் பஞ்சுக்கும் இதே கதிதான். மூழ்கிய துணி எண்ணெயோடு சேற்றில் படிந்தால், இறாலும் நண்டும் வாழும் இடத்துக்கு எண்ணெயை நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஆகும்.

இலவம்பஞ்சுதான் நல்லா உறிஞ்சும்னா அதை அப்படியே தூவிடலாமே, எதுக்குக் கலக்கணும்?

தூவிய பஞ்சைத் திரும்ப அள்ள முடியாது என்பதே முதற்காரணம். காற்றில் பறக்கும்; அலையில் சிதறும்; எண்ணெய் குடித்த சிறு உருண்டைகளாக வேர்களுக்கிடையே போய் ஒட்டும். தண்ணீரில் போடும் எந்த உறிஞ்சுபொருளும் முழுமையாகத் திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். இந்த விதிக்கு நான் விலக்கு எதுவும் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது காரணம் நாரின் இயல்பு. இலவம்பஞ்சு குட்டையானது, வழுக்கும், எளிதில் ஒடியும். தனியாக அதை நூற்கவும் முடியாது. தனியாக ஊசியால் குத்திப் பின்னினாலும் உறுதியான விரிப்பாக நிற்காது. பருத்தி இழை முறுக்குடையது என்பதால் இலவை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிணைப்புக்காகக் கலக்கும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் நார் தண்ணீரைவிட இலேசானது, ஏறத்தாழ 165 டிகிரியில் உருகி மற்ற நார்களை ஒட்டவைக்கிறது, நனைந்தபின் தூக்கும்போது கிழியாத வலுவைத் தருகிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பருத்தி, இலவு, மில்க்வீட் எனப்படும் எருக்குக் குடும்பச் செடியின் நார் ஆகியவற்றைப் பாலிப்ரொப்பிலீனுடன் வெப்பத்தால் பிணைத்து இப்படிப்பட்ட துணிகளை ஆய்ந்திருக்கிறார்கள்.

நம் மாநிலத்தைப் பொறுத்தவரை இந்த நார்களுக்குப் பஞ்சமில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவ மரங்கள் உண்டு. மெத்தைக் கடைகள் அவற்றின் பஞ்சை நன்கறியும். முற்றாத, மைக்ரோனேர் (நாரின் நுண்மையையும் முதிர்ச்சியையும் காட்டும் அளவு) குறைந்த பருத்தியை நூற்பாலைகள் விலை குறைத்தே வாங்குகின்றன, ஏனெனில் அது முடிச்சு விழும், சாயம் சீராக ஏறாது. எண்ணெய் உறிஞ்ச அதுவே சிறந்தது என்பது உழவர்களுக்கு நல்ல செய்தி என்று நான் கருதுகிறேன்.

எத்தனை மடங்கு எண்ணெய் எடுக்கும்? ஒருத்தர் 50 மடங்குங்கறார், இன்னொருத்தர் 10 மடங்குங்கறார்.

இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். அளந்த முறை வேறாக இருக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேஷாத்ரி ராம்குமாரும் உடன் ஆய்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மைக்ரோனேர் குறைந்த கழுவாத பருத்தி தன் எடையைப்போல் 30 மடங்குக்கும் மேலான கச்சா எண்ணெயை ஏற்றது. அது தளர்வான நார். அதே நாரை ஊசியால் குத்தி இறுக்கினால் சந்துகள் குறையும், மடங்கும் குறையும். தளர்வாகவே விட்டாலோ, தூக்கும்போது எண்ணெய் வடிந்து ஒழுகும். ஆகவே விற்பவர் சொல்லும் மடங்கைக் கேட்டவுடன் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்: எந்த எண்ணெயில் அளந்தீர்கள்? தண்ணீரின்மேல் மிதந்த எண்ணெயிலா, எண்ணெய் மட்டுமே இருந்த தொட்டியிலா? தூக்கியபின் எவ்வளவு நேரம் வடியவிட்டு எடை பார்த்தீர்கள்?

உறிஞ்சுபொருள்களைச் சோதிப்பதற்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்726 என்னும் தர ஆய்வுமுறையின் குறுகிய சோதனையில் மாதிரியை 15 நிமிடம் எண்ணெயில் வைத்து, 30 விநாடி வடியவிட்டு எடை பார்ப்பார்கள். களத்தில் ஒரு விரிப்பைத் தூக்கிப் படகில் ஏற்றி மூட்டைக்குள் இடுவதற்கு 30 விநாடி போதாது. அதற்குள் டீசல் போன்ற மெல்லிய எண்ணெயில் கணிசமான பகுதி மீண்டும் தண்ணீருக்கே போய்விடும். திட்டமிடும்போது நான் 10 மடங்குக்கு மேல் கணக்கிடுவதில்லை; பெரிய எண்ணை நம்பிக் குறைவாக வாங்கி வைத்தவர்கள் நெருக்கடியில் திண்டாடுவார்கள்.

இதை நாங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஒரு அகன்ற தொட்டியில் உப்புக் கலந்த தண்ணீரை நிரப்பி, அதன்மேல் அளந்த அளவு எஞ்சின் எண்ணெயை ஊற்றுங்கள். காய்ந்த துணியின் ஒரு துண்டை எடை பார்த்து, எண்ணெய்மேல் 15 நிமிடம் மிதக்கவிட்டு, ஒரு கம்பிவலைமேல் இரண்டு நிமிடம் வடித்து மீண்டும் எடை பாருங்கள். கூடிய எடை முழுவதும் எண்ணெய் என்று எண்ணிவிடக் கூடாது. துணியைப் பிழிந்து, வந்த திரவத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் ஒரு நாள் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் பிரியும். அதை அளந்து கழித்துக்கொள்ளலாம்.

இதைவிட எளியதும், என் கணிப்பில் இதைவிட முக்கியமானதுமான சோதனை ஒன்று உண்டு. எண்ணெயே இல்லாத உப்புத் தண்ணீரில் துணியைப் போட்டு, அலை அடிப்பதுபோல் அவ்வப்போது கலக்கி, ஒரு நாள் முழுவதும் விட்டுவையுங்கள். மறுநாள் மூழ்கிக் கிடக்கும் துணி முகத்துவாரத்துக்கு உதவாது. சோதனைக்குப் பயன்பட்ட எண்ணெயையும் துணியையும் சாக்கடையில் கொட்டாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

2017-ல பசங்க எல்லாம் வாளியால அள்ளினாங்களே, அன்னைக்கு இந்தத் துணி இருந்திருந்தா அந்தக் கஷ்டம் இருந்திருக்காதா?

பெரும்பகுதி இருந்தே இருக்கும். எர்ணாவூர்ப் பகுதிப் பாறைகளுக்கிடையில் ஒதுங்கியது கப்பல் எரியெண்ணெய். அது இயல்பிலேயே தார்போல் கனத்தது. அலையில் அடிபட்டுத் தண்ணீரைத் தன்னுள் இழுத்து இன்னும் தடித்த கூழாகியிருந்தது. இப்படிப்பட்ட கூழில் பாதிக்கும் மேல் தண்ணீராகவே இருக்கக்கூடும். அது நார்களின் நுண்சந்துக்குள் புக மறுக்கும். துணியின் மேற்புறத்தில் அப்பிக்கொள்வதோடு சரி. அந்த நிலையில் வாளியும் மண்வெட்டியும் உறிஞ்சு லாரியும்தாம் உண்மையான கருவிகள். அன்று கையால் அள்ளியவர்களின் உழைப்பு அறியாமையால் செய்யப்பட்டதன்று. அவர்களுக்குத் தக்க கையுறையும் காலணியும் முதல் நாளிலேயே கிடைக்காததுதான் குறை.

அள்ளி முடித்தபின் பாறையில் எஞ்சிய கறையைத் துடைக்கவும், கழுவும்போது வழியும் எண்ணெயைத் தண்ணீர் ஓரத்தில் பிடிக்கவும் துணி மிகவும் உதவியிருக்கும்.

2023-இல் கால்வாயிலும் ஆற்றிலும் பரவியதற்கு?

அங்கே இதன் இடம் பெரிது. குறுகிய கால்வாய், கரைகளுக்கிடையே கயிறு கட்டக்கூடிய அகலம், அலை குறைந்த நீர்ப்பரப்பு ஆகிய மூன்றும் உறிஞ்சு மிதவைக்கு ஏற்றவை. தடித்து மிதப்பதைத் தடுப்பு மிதவையால் ஓரிடத்தில் குவித்து, இயந்திரத்தால் வழித்தெடுத்தபின், தப்பி வரும் மெல்லிய படலத்துக்குக் குறுக்கே துணி மிதவைகளை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசை கட்டலாம்.

ஓட்டத்தின் வேகத்தை மறக்கக் கூடாது. நீரோட்டத்துக்கு நேர் குறுக்கே கட்டிய எந்தத் தடுப்பும் மணிக்கு ஏறத்தாழ 0.7 நாட்டிக்கல் மைல் வேகத்துக்கு மேல், அதாவது மணிக்கு 1.3 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் இருந்தால், எண்ணெயை அடியில் நழுவவிடும். புயல் வெள்ளம் வடியும் நாட்களில் கால்வாயில் அதைவிட வேகம் இருக்கும். அப்போது சாய்வாகக் கட்டி எண்ணெயைக் கரையோரத்தின் அமைதியான மூலைக்கு ஒதுக்கி, அங்கே துணியை இட வேண்டும். முகத்துவாரத்தில் ஏற்றவற்றத்தால் ஓட்டம் திசை மாறும் என்பதால் மிதவையின் இரு பக்கமும் எண்ணெய் வரும். எந்த மணிக்கு நீர் எப்பக்கம் இழுக்கும் என்பதைக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. மிதவை கட்டும் இடத்தை அவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கடல்மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிகிறதே, அதையும் துணியால் எடுக்க வேண்டுமா?

திறந்த கடலில் வேண்டியதில்லை. அந்தப் படலம் ஒரு மைக்ரான் கனம் உடையது என்று கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டரில் இருப்பது 1,000 லிட்டர் எண்ணெய். அவ்வளவு பரப்பில் துணி விரிக்கப் படகுகள் எரிக்கும் டீசலும் பிறகு சேரும் கழிவும் கிடைக்கும் பயனைவிட மிகுதி. அலையாத்தி நோக்கியோ இறால் பண்ணையின் நீர்வாயில் நோக்கியோ வரும் படலத்துக்கு மட்டும் மிதவை கட்டலாம்.

தேங்காய் நார், வைக்கோல், தலைமுடி இதெல்லாம்கூட உறிஞ்சும் என்கிறார்களே?

உறிஞ்சும், சேர்த்துத் தண்ணீரையும் உறிஞ்சும். தென்னை நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்துவைப்பதற்கென்றே தோட்டங்களில் பயன்படுவது. கரைமேல், காய்ந்த மணலில், சிந்திய எண்ணெய் பரவாமல் தடுக்க அது நல்லது. வேதிமுறையில் நீர்விலக்கும் தன்மை ஏற்றினால் அதுவும் மிதக்கும், ஆனால் விலை ஏறும்.

2020-இல் மொரீஷியஸ் தீவருகே வாகாஷியோ கப்பல் தரைதட்டியபோது அத்தீவு மக்கள் கரும்புத் தோகையைத் துணிக்குழாய்களில் அடைத்து மிதவைகள் கட்டினார்கள். வேறெதுவும் கைக்கு எட்டாத நேரத்தில் அது எண்ணெயைத் தடுத்து நிறுத்த உதவியது. அவர்களின் விரைவை நான் போற்றுகிறேன். 2010-இல் மெக்சிகோ வளைகுடாக் கசிவின்போது தலைமுடி அடைத்த மிதவைகள் குவிந்தன. அவை தண்ணீரை ஏற்று மூழ்கிவிடுவது சோதனையில் தெரிந்ததால் அதிகாரிகள் அவற்றை ஏற்கவில்லை. கையிலிருப்பதைக் கொண்டு செய்வது அவசரத்துக்கு. முன்கூட்டியே திட்டமிட்டு வாங்குபவர்கள் மேலே சொன்ன ஒருநாள் மிதப்புச் சோதனையில் தேறியதையே வாங்க வேண்டும்.

பிழிந்துவிட்டு மறுபடி போடலாமா?

மெல்லிய, நடுத்தர எண்ணெயானால் போடலாம். இரண்டு உருளைகளுக்கிடையே விட்டுப் பிழிந்தால் எண்ணெயில் பெரும்பகுதி வெளிவரும். முதல் பிழிதலில் இலவம்பஞ்சின் குழாய்கள் நசுங்கிச் சந்துகள் சுருங்குவதால் இரண்டாம் முறை கொள்ளளவு குறையும். அதன்பின் ஒவ்வொரு முறையும் குறைவது சிறிதாக இருக்கும். பாலிப்ரொப்பிலீன் சற்றுக் கூடுதலாகக் கலந்த துணி பிழிதலைத் தாங்கி மீண்டும் எழும்பும். கனத்த எண்ணெய் அப்பிய துணியைப் பிழிய முயல்வது வீண்வேலை. கையும் உடையும் பாழாவதுதான் மிச்சம்.

பாலிப்ரொப்பிலீன் கலந்தால் இதுவும் பிளாஸ்டிக்தானே? இதில் என்ன இயற்கை?

நேர்மையான கேள்வி. கலந்த பங்கு மட்கப்போவதில்லை. அத்துணியை ‘முழுவதும் மட்கும்’ என்று விற்பது பொய். பருத்தியும் இலவும் மட்டும் கொண்டு நீடில் பஞ்ச் முறையில் செய்த துணி முழுவதும் தாவரப் பொருள், ஆனால் நனைந்தபின் வலு குறைவு. பாலிலாக்டிக் அமிலம் போன்ற தாவர மூலப் பிணைப்பு நார்களும் உண்டு, விலை கூடுதல்.

என் முடிவு இது: சந்தையில் இன்று பெரும்பான்மையாக விற்பது முழுக்க முழுக்கப் பாலிப்ரொப்பிலீனால் ஆன விரிப்பு. அதன் இடத்தில் பெரும்பங்கு இயற்கை நார் கொண்ட, சிறுபங்கு மட்டும் செயற்கைப் பிணைப்பு உடைய துணி வருவது முன்னேற்றம். கிழிந்து கழிமுகத்தில் தங்கிவிடும் துணியைவிட, கிழியாமல் முழுதாகத் திரும்பி வரும் கலப்புத் துணியே சுற்றுச்சூழலுக்கு நல்லது. எண்ணெய் குடித்தபின் எந்தத் துணியானாலும் அதை மட்கவிடப் போவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணெய் குடிச்ச துணியை என்ன பண்றது? எரிச்சுடலாமா?

திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். அந்தப் புகை குப்பத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்குத்தான் போகும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் மாசுபட்ட பருத்தித் துணிகளும் துப்புரவுப் பொருள்களும் தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே அது மாநகராட்சிக் குப்பை வண்டியில் ஏறக் கூடாது. கசியாத பீப்பாயிலோ தடித்த உறையிலோ இட்டு, மழை படாமல் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழியாக உரிமம் பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அத்தகைய நிலையம் இருக்கிறது. எரிமதிப்பு மிகுந்த கழிவு என்பதால் சிமென்ட் ஆலைச் சூளைகளிலும் இதை எரிபொருளாகப் பயன்படுத்த வழியுண்டு.

ஒரு டன் எண்ணெயை 10 மடங்குக் கணக்கில் எடுக்க 100 கிலோ துணி வேண்டும். பணி முடியும்போது கையில் இருப்பது 1,100 கிலோ அபாயகரக் கழிவு. இதைச் சுமக்கும் வண்டி எது, வைக்கும் இடம் எது, கையெழுத்திட்டு ஏற்பவர் யார் என்பவற்றை முதல் விரிப்பைத் தண்ணீரில் இடும் முன்பே முடிவு செய்யாவிட்டால், கரையில் குவியும் மூட்டைகள் அடுத்த மழையில் மீண்டும் ஒழுகும்.

அலையாத்தி வேரில் ஒட்டியதைத் துணியால் துடைக்கலாமா?

கூடாது. சேற்றில் இறங்கி நடந்தாலே மூச்சுவேர்கள் ஒடியும், மேலே கிடக்கும் எண்ணெய் காலால் மிதிபட்டுச் சேற்றுக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கும். நீர் ஓரத்தில் மிதவையைக் கட்டி, ஏற்றவற்றம் வெளியே கொண்டுவரும் எண்ணெயைப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய் படிந்த கூழைக்கடா போன்ற பறவைகளையும் துணியால் துடைக்க முயலாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

வேலை செய்யும்போது கைகால்களை எப்படிப் பாதுகாப்பது?

நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறி உப்பும். புதிதாகக் கொட்டிய கச்சா எண்ணெயின் ஆவி நச்சுடையது, தீப்பற்றக்கூடியது. வாடை கடுமையாக இருக்கும்வரை யாரும் அருகில் போகக் கூடாது. தோலில் ஒட்டியதை மண்ணெண்ணெயால் கழுவும் பழக்கத்தைக் கைவிட்டு, தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்தபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எங்க குப்பத்துல நாங்களே வாங்கி வச்சுக்கலாமா? எவ்வளவு வைக்கணும்?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். கடலில் எண்ணெய்க் கசிவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல்படையுடையது. 1554 என்ற எண்ணில் முதலில் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்களும் மற்ற அரசுத் துறைகளும் வந்து சேரும்வரை கழியின் வாயையும் வலைகளையும் படகுகளையும் காப்பதுதான் குப்பத்தின் இருப்புக்கு நோக்கம். உங்கள் கழியின் மிகக் குறுகிய இடத்தை அளந்து, அந்த அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளத்துக்கு மிதவை வைத்துக்கொண்டால் இரண்டு வரிசை கட்டி, ஊறிப்போனதை மாற்றவும் மீதமிருக்கும். செலவை ஊர்ப் பணத்தில் தாங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. எண்ணெயைக் கையாளும் தொழிற்சாலைகளின் அவசரத் திட்டத்தில் அருகிலுள்ள குப்பங்களின் இருப்பும் சேர வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போடுங்கள், வார்டு பகுதியானால் மாமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள்.

இலவம்பஞ்சும் பருத்தியும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், எலி கடிக்கும், எளிதில் தீப்பற்றும். பாலித்தீன் உறையில் இறுகக் கட்டி, தரையிலிருந்து உயர்த்தி, படகு எஞ்சினும் டீசல் கேனும் வைக்கும் கொட்டகையிலிருந்து தள்ளி வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், ஒரு மிதவையை மட்டும் பிரித்து ஒருநாள் மிதப்புச் சோதனை செய்து பாருங்கள். மூழ்கினால் அந்தக் கட்டு முழுவதையும் மாற்றிவிடுங்கள்.